கொடுத்துப் பரவும் கொடி

மாதாவின் கெபியைச் சுற்றியும், பாடசாலை வாயிலின் இரு மருங்கிலும், கன்னியர் மடத்து முற்றத்திலும் இன்று பலர் விரும்பி வளர்க்கின்ற படர்கொடி ஒன்று உண்டு. நிலத்தோடு ஒட்டிப் பாய் விரித்தாற்போலப் படரும். இலை பளபளப்பான கரும்பச்சை. சிறிய சூரியகாந்தி போன்ற மஞ்சள் பூ ஆண்டு முழுவதும் பூத்த வண்ணம் இருக்கும். பசளை போடத் தேவையில்லை. புல் வெட்டும் வேலையும் மிச்சம். பூங்கன்று விற்பவர்கள் இதனை வெடேலியா என்பர். சிங்கப்பூர் டெய்சி என்பாரும் உளர். ஊரிலே பெயர் கேட்டால் "மஞ்சள் பூக்கொடி" என்று சொல்லி, கேட்டவரின் கையிலே ஒரு பிடி தண்டையும் முறித்துக் கொடுத்து விடுவார்கள்.

அந்த ஒரு பிடி தண்டைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகின்றோம்.

பெயரிலே சிங்கப்பூர் இருந்தாலும் இதன் தாயகம் சிங்கப்பூர் அன்று. மெக்சிக்கோ, மத்திய அமெரிக்கா, கரிபியன் தீவுகள், தென்னமெரிக்காவின் வெப்பப் பிரதேசங்கள் ஆகியவற்றிலேயே இது இயற்கையாக வளர்கின்றது. அங்கே இதனைத் தின்னும் பூச்சிகளும், இதனோடு இடத்துக்குப் போட்டியிடும் செடிகளும் நெடுங்காலமாக இதனுடன் சேர்ந்தே வாழ்ந்து வந்துள்ளன. ஆகவே பல செடிகளுள் ஒரு செடியாக அடங்கி நிற்கின்றது. அழகுக்காகவும், வெறும் மண்ணை மூடுவதற்காகவும் மனிதர் இதனைக் கடல் கடந்து எடுத்துச் சென்றபோது கொடி மட்டுமே சென்றது. அதனை அடக்கி வைத்தவை கூடச் செல்லவில்லை. விஞ்ஞானிகள் முன்னர் வெடேலியா டிரைலோபேட்டா என்றும், இப்போது ஸ்பாக்னெட்டிக்கோலா டிரைலோபேட்டா என்றும் இதனை அழைக்கின்றனர். இரண்டாவது சொல்லுக்கு மூன்று மடலுடையது என்று பொருள். இலையின் வடிவத்தைக் கண்டு இட்ட பெயர். அந்த இலையைப் பற்றிப் பின்னர் சொல்ல வேண்டியிருக்கின்றது.

இக்கொடியினால் பெரிதும் அல்லற்பட்டவை பசுபிக் சமுத்திரத்துத் தீவுகள். பிஜி, தொங்கா, சமோவா, நியுவே, குக் தீவுகள், ஹவாய் என்று தீவுக்குத் தீவு இது பூந்தோட்டத்துக்கு விருந்தாளியாக வந்து, வேலியைத் தாண்டி வீதியோரத்துக்கும் தோட்டக் காணிக்கும் கடற்கரைக்கும் சென்றது. சிறிய தீவிலே விவசாயிக்கு இருப்பது கையளவு நிலம். அதில் ஒரு பகுதியைக் களை பிடித்துக்கொண்டால் அடுத்த மாவட்டத்துக்குப் போய்ப் பயிர் செய்ய முடியாது. உவர்க் காற்றைத் தாங்கும்; நிழலையும் தாங்கும்; ஈரத்திலும் வளரும், சில காலம் வரட்சியையும் பொறுக்கும். இப்படிப்பட்ட ஒரு செடிக்குத் தீவு முழுவதுமே ஒரு பூப்பாத்திதான். 2000ஆம் ஆண்டில் இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியத்தின் நிபுணர் குழு, உலகின் மிக மோசமான ஆக்கிரமிப்பு அன்னிய இனங்கள் நூற்றினைப் பட்டியலிட்டபோது ஆகாயத்தாமரை, நாயுண்ணி ஆகியவற்றோடு இந்த மஞ்சள் பூக்கொடியும் அதில் இடம்பெற்றது. எமது நாட்டில் தயாரிக்கப்பட்ட ஆக்கிரமிப்புத் தாவரப் பட்டியலிலும் இது உண்டு. எனினும் பட்டியலில் இருப்பதை அறியாமல் முற்றத்தில் வளர்ப்பவர்களே எம்மிடையே அதிகம்.

எமது தீவுக்கு இது புதிய கதையும் அன்று. 1905ஆம் ஆண்டளவில் ஆகாயத்தாமரை இலங்கைக்கு வந்தது அதன் ஊதாப் பூவின் அழகுக்காகவே. நான்கே ஆண்டுகளில், 1909இல், அதனை ஒழிப்பதற்கென்று ஒரு கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டிய நிலை அன்றைய அரசாங்கத்துக்கு ஏற்பட்டது. சட்டம் வந்து நூறு ஆண்டுகள் கடந்த பின்னும் குளங்களில் ஆகாயத்தாமரையை இழுத்துக் கரையில் போட்டுக்கொண்டுதான் இருக்கின்றோம். 1939இல் கொழும்பிலே தாவரவியல் கற்பிப்பதற்காகக் கொண்டுவரப்பட்ட சல்வீனியா, வயல்களையும் நீர்நிலைகளையும் மூடியது. 1980களில் அதனையே தின்று வாழும் ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்ட பின்னர்தான் பல இடங்களில் அது தணிந்தது. மஞ்சள் பூக்கொடிக்கு அப்படி ஒரு வண்டு இன்னும் எமக்குக் கிட்டவில்லை.

பாதீனியத்தை வடக்கிலுள்ள எமது வாசகர்கள் நன்கு அறிவார்கள். 1990களின் பிற்பகுதியில் வவுனியாவில் அடையாளம் காணப்பட்டு, பின்னர் யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்த களை அது. ஒரு செடியே ஆயிரக்கணக்கில் விதை தரும். காற்றும் நீரும், உழவு இயந்திரத்தின் சில்லும், பசளை மூடையும் அதனைச் சுமந்து செல்லும். ஒருவர் தமது காணியில் எவ்வளவு கவனமாக இருந்தாலும் அடுத்த காணியிலிருந்து அது வரலாம். எனவே பாதீனியத்தைக் குறித்து ஒரு தனி விவசாயியைக் குறை சொல்வது நியாயமாகாது.

மஞ்சள் பூக்கொடியின் நிலை வேறு. இத்தனை பூப் பூத்தும், வந்தேறிய நாடுகளில் இது முளைக்கக்கூடிய விதையை அதிகம் தருவதில்லை. பெரும்பாலும் தண்டினாலேயே பெருகுகின்றது. தண்டு இரண்டு மீற்றர் வரை ஓடும்; மண்ணைத் தொட்ட ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். விரல் நீளத் துண்டு ஒன்று ஈர மண்ணில் விழுந்தால் போதும், அதிலுள்ள கணு வேரூன்றித் தனிச் செடியாகி விடும். ஆகவே ஒரு புதிய இடத்தில் இக்கொடியைக் கண்டால், அது அங்கே வந்த வழியைத் தேடுவது கடினமான காரியம் அன்று. யாரோ ஒருவர் ஆசையோடு நட்டிருப்பார். அல்லது முற்றத்தைத் துப்புரவு செய்து, வெட்டிய குப்பையை வாய்க்கால் ஓரத்தில் கொட்டியிருப்பார். அல்லது வீதி வேலைக்கு ஏற்றிய மண்ணோடு துண்டுகளும் வந்திருக்கும். வெள்ளம் அதனை எடுத்துச் செல்வது உண்மையே. ஆனால் வெள்ளத்தில் அதனைப் போட்டது மனிதருடைய கை. மற்றக் களைகளுக்கு இல்லாத ஒரு நம்பிக்கை இக்களையைப் பொறுத்தவரை எமக்கு உண்டாவதும் இதனால்தான். கை நின்றால் அதன் பயணத்தின் பெரும்பகுதி நின்று விடும்.

அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் 2014இல் இயற்றப்பட்ட உயிரியற் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இக்கொடி கட்டுப்படுத்தப்பட்ட தாவரமாகும். அங்கே இதனை விற்க முடியாது. சூழலில் வீச முடியாது. இலவசமாகப் பிறருக்குக் கொடுக்கவும் முடியாது. அயலவருக்கு ஒரு தண்டு கொடுப்பதைக் கூடச் சட்டம் தடுப்பது முதலில் எமக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் அந்தச் சட்டத்தை எழுதியவர்கள் செடியின் இயல்பை நன்றாகப் புரிந்துகொண்டிருக்கின்றார்கள்.

எதை மூடுகின்றது?

"படர்ந்தால் என்ன, பச்சையாகத்தானே இருக்கின்றது?" என்று கேட்பவர்கள் உண்டு. ஈர வலயத்திலே கைவிடப்பட்ட வயல் ஒன்றையோ, ஓர் ஓடைக்கரையையோ இக்கொடி பிடித்த பின்னர் குனிந்து பார்க்க வேண்டும். மேலே முழங்கால் வரை அடர்ந்த பச்சை. கையால் விலக்கினால் உள்ளே வெளிச்சமே இல்லாத மண்ணும் பின்னிக் கிடக்கும் தண்டுகளும்தான். மரத்திலிருந்து விழும் விதை முளைத்தாலும் தலை தூக்க வழியில்லை. இதன் இலை, தண்டுகளின் சாறு பிற பயிர்களின் விதை முளைப்பதையும் வேர் ஓடுவதையும் குறைக்கின்றது என்பதனை ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளன. எனவே நிழலால் மட்டுமன்றி இரசாயனத்தாலும் அது தனது இடத்தைக் காத்துக்கொள்கின்றது.

இவ்வாறு மூடப்படும் இடங்கள் எவை என்பதை நினைத்துப் பார்ப்போம். வயல் வரம்பு, வாய்க்கால் ஓரம், கிணற்றடி, குளக்கட்டின் அடிவாரம். காணி உறுதியில் இவற்றுக்குத் தனிப் பெறுமதி இல்லை. ஆயினும் வல்லாரை, பொன்னாங்காணி, நீர்ப்பிரமி, பொடுதலை என்று எமது தாய்மார் காசு கொடாமல் பறித்து வந்த கறியும் மருந்தும் இவ்விடங்களிலேதான் வளர்ந்தன. வரம்பிலே வல்லாரை இல்லாமற் போனால் எந்தப் புள்ளிவிபரத்திலும் அது வராது. சந்தையிலே ஒரு பிடி வல்லாரைக்குப் பணம் கொடுக்கும் வறிய குடும்பத்துக்கு மட்டும் அது தெரியும்.

இழப்பதற்கு இன்னும் அருமையான ஒன்று இருக்கின்றது. எமது நாட்டிலே இக்கொடிக்கு ஒரு சொந்தச் சகோதரி உண்டு. மஞ்சள் கரிசலாங்கண்ணி, பொற்றலைக் கையாந்தகரை என்றெல்லாம் அழைக்கப்படும் மூலிகைதான் அது. மஞ்சள் காமாலைக்கும், கூந்தல் தைலத்துக்கும் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவது. அதுவும் ஈரமான வரம்புகளிலே தரையோடு படரும். அதற்கும் மஞ்சள் பூ. ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை என்பதால் இரண்டுக்கும் ஒரே வகையான இடமே பிடிக்கின்றது. ஓடுகின்ற வேகத்தில் வந்தவளுக்கு முன்னால் இருந்தவள் நிற்க முடியாது. அதைவிடவும் கவலைக்குரியது, தென்சீனத்திலே இவ்விரண்டும் கலந்து உருவான கலப்பினச் செடிகளை ஆய்வாளர்கள் கண்டுபிடித்துள்ளமை. மூலிகை இடத்தை இழப்பது ஒருபுறமிருக்க, தனது இனத் தூய்மையையும் இழக்கக்கூடும் என்பதே அதன் பொருள். மருந்துக்கெனப் பறிப்பவர்கள் பூவை மட்டும் பார்த்து ஏமாறவும் இடமுண்டு.

கடற்கரையிலே வாழும் எமது மீனவச் சகோதரர்களும் இதனைக் கவனிக்க வேண்டும். மணலைப் பிடித்து வைத்திருப்பது அடம்பன் கொடி. "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு" என்ற பழமொழியை மேடைகளில் ஒற்றுமைக்கு உதாரணமாகச் சொல்கின்றோமே, அதே அடம்பன். உவரைத் தாங்கும் மஞ்சள் பூக்கொடியைக் கடற்கரை ஆலயங்களின் வளவிலும் விடுதிகளின் முற்றத்திலும் அழகுக்காக நடும்போது, அடம்பனுக்குரிய இடத்தின் வாசலிலேயே அதனைக் கொண்டுபோய் வைக்கின்றோம்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலிலே, உயிரினங்களை எமக்குப் பயன்படும் வளங்களாக மட்டும் நோக்காமல், அவற்றுக்குத் தம்மளவிலேயே மதிப்புண்டு என்பதை உணரும்படி கேட்டிருந்தார். வரம்பிலே கிடக்கும் பெயர் தெரியாத பூண்டுக்கும் அது பொருந்தும்.

களையும் பயிரும்

வன்னியிலே வாய்க்கால் ஓரத்துக் கிராமம் ஒன்றில் மாதர் சங்கத்தினருடனும் விவசாயிகளுடனும் இதுபற்றிக் கதைத்தபோது இரண்டு கருத்துக்கள் எழுந்தன. ஒரு தாய், "பூவைப் பாத்தால் பிடுங்க மனம் வருதில்லை, சுவாமி" என்றார். அவர் சொன்னதை எவரும் மறுக்கவில்லை. வயது முதிர்ந்த ஒரு விவசாயி சற்றுக் குறும்பாக, "அறுவடை மட்டும் ரெண்டையும் வளர விடச் சொல்லியெல்லோ வேதத்திலை கிடக்கு, சுவாமி?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. ஆண்டவர் சொன்ன உவமையிலே வீட்டுத் தலைவன் களையைப் பிடுங்க வேண்டாம் என்றது களைமீது கொண்ட இரக்கத்தினால் அன்று. களையைப் பிடுங்கும்போது கோதுமையும் சேர்ந்து போய்விடும் என்பதற்காகவே. அந்த நாட்டிலே வயலில் முளைக்கும் களை, இளம் பருவத்தில் கோதுமையைப் போலவே தோன்றுவது. எமது வரம்பிலும் அதே ஆபத்து இருக்கின்றது. துப்புரவு செய்யப் புறப்படும் இளைஞர்கள் மஞ்சள் பூவெல்லாம் களை என்று எண்ணி, மூலிகையையும் பிடுங்கி எறிந்து விடுவார்கள்.

எனவே முதலில் இலையைப் பார்க்கப் பழக வேண்டும். வந்தேறிய கொடியின் இலை சற்றுத் தடித்தது, பளபளப்பானது, அகன்றது. இலையின் நடுப்பகுதிக்கு மேலே இரு பக்கமும் ஒவ்வொரு மடல் புடைத்து நிற்கும். முழுவதையும் பார்த்தால் மூன்று விரல் போலத் தோன்றும். மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை ஒடுங்கி நீண்டது, தடவினால் சொரசொரப்பானது, பக்க மடல் இல்லாதது. ஆனால் வந்தேறிய கொடியிலும் சில இலைகள் மடல் இல்லாமல் வருவதுண்டு. ஆதலால் ஓர் இலையைக் கொண்டு முடிவு செய்யாமல் ஒரு தண்டு முழுவதையும் பார்க்க வேண்டும். சந்தேகம் இருந்தால் தொடாமல் விட்டு, விவசாயப் போதனாசிரியரிடமோ ஊர் வைத்தியரிடமோ காட்டிய பின் பிடுங்குவதே முறை.

பிடுங்குவதிலும் ஒரு முறை உண்டு. சிரமதானம் என்றதும் எமது மக்கள் கத்தியும் மண்வெட்டியுமாக வருவார்கள். ஒரு மணித்தியாலத்தில் இடம் வெளிச்சமாகி விடும். வெட்டியதை வாய்க்காலில் தள்ளிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவார்கள். இக்களைக்கு இதைவிட நல்ல உபகாரம் வேறில்லை. மண்வெட்டியால் கொத்தும்போது ஒரு கொடி நூறு துண்டாகின்றது. வாய்க்கால் அவற்றைக் கீழ்க் கிராமத்துக்குக் கொண்டுபோய் நடுகின்றது. மாறாக, மழை பெய்து மண் இளகியிருக்கும்போது, அடுத்து நாலைந்து நாள் வெயில் எறிக்கும் என்று கண்டு தொடங்க வேண்டும். ஓரத்திலிருந்து கையாலோ முள்ளினாலோ வேரோடு கிளப்பிப் பாயைச் சுருட்டுவதுபோலச் சுருட்டிக்கொண்டு போகலாம். இருவர் சுருட்ட, பின்னால் வரும் சிறுவர்கள் அறுந்த துண்டுகளைப் பொறுக்க வேண்டும். அந்தப் பொறுக்கும் வேலைதான் முக்கியமானது. மறைக்கல்வி மாணவர்கள் அதனை ஒரு போட்டியாகவே செய்து விடுவார்கள்.

சுருட்டியதைத் திறந்த மண்ணில் குவிக்கக் கூடாது; குவியலின் அடியிலுள்ளவை மீண்டும் வேர் விடும். சீமெந்துத் தரையிலோ பாறையிலோ பரப்பிச் சருகாகும் வரை காய விடலாம். அல்லது கறுப்புப் பொலித்தீன் பையில் இறுகக் கட்டி, உள்ளே அழுகிக் கறுத்துப் போகும் வரை சில வாரங்கள் வெயிலில் வைக்கலாம். அதன் பின்னரே சேதனப் பசளைக் குழியில் இடலாம். பச்சையாக இட்டால் பசளையோடு களையையும் தோட்டத்தில் தூவியவர்களாவோம். வெளியான சமதரை நிலத்தில் கறுப்புப் பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணிட்டு அமர்த்திச் சில மாதங்கள் விட்டுவிடுவதும் பலன் தரும். வேறு நாடுகளில் களைநாசினியும் பயன்படுத்துகின்றார்கள். ஆனால் இக்கொடி எம்மிடம் நிற்பது வாய்க்கால் ஓரத்திலும் கிணற்றடியிலும். அங்கே நஞ்சு தெளிப்பதை நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

ஒரு நாளில் முடிகின்ற வேலை அன்று இது. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே இடத்துக்குப் போய்ப் புதிதாகத் தலை காட்டும் துண்டுகளைப் பிடுங்க வேண்டும். சில மாதங்கள் இதனைத் தொடர வேண்டும். சிரமதானத்துக்கு அறுபது பேர் வருவார்கள், படமும் எடுப்பார்கள். நான்காவது வாரத்தில் வருவது ஆறு பேர். அந்த ஆறு பேரின் பெயரை முதல் நாளே கூட்டத்தில் எழுதிக்கொள்வது நல்லது என்பது எமது அனுபவம். மேலிருந்து கீழாகத் தொடங்குவதும் நல்லது. வாய்க்காலின் மேற்பகுதியில் கொடி இருக்கும் வரை கீழ்ப்பகுதியைச் சுத்தம் செய்வது வீண் உழைப்பு.

இக்கொடி மண்ணரிப்பைத் தடுக்கின்றது என்று மலையகத்திலே சிலர் சொல்வதையும் ஒதுக்கிவிட முடியாது. மண்மேட்டிலே வெறுமையாகக் கிடப்பதைவிட எந்தப் பச்சையும் மேல்தான். ஆகவே சரிவான நிலத்திலே மழைக்காலத்தின் நடுவில் முழுவதையும் உரித்தெடுப்பது புத்தியான செயலாகாது. குறுக்காக ஒரு பட்டி அளவு அகற்றி, அங்கே வேறு புல்லோ கொடியோ வேர் பிடித்த பின்னர் அடுத்த பட்டிக்குச் செல்ல வேண்டும்.

கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது எமது வழக்கம் அன்று. ஒரு வீட்டு முற்றத்தைப் பார்த்து, "அக்கா, இதிலை ஒரு தண்டு தாங்கோ" என்று கேட்கும் அயலவரை வெறுங்கையோடு அனுப்புவது எப்படி? ஆகவே கொடுப்பதற்கு வேறு தண்டுகளை வளர்த்து வைக்க வேண்டும் என்று மாதர் சங்கங்களுக்குச் சொல்லி வருகின்றோம். வெயில் முற்றத்துக்குப் பொடுதலை நன்றாகப் படரும். சிறு பூவும் பூக்கும். கிணற்றடி ஈரத்துக்கு வல்லாரையும் நீர்ப்பிரமியும். ஆலய வளவின் திறந்த நிலத்துக்கும் சேமக்காலைக்கும் அறுகம்புல். கடற்கரைக்கு அடம்பன் இருக்கவே இருக்கின்றது. கெபியின் அடியிலே மஞ்சள் பூதான் வேண்டும் என்பவர்கள் மஞ்சள் கரிசலாங்கண்ணியையே பாத்தியில் நடலாம். மஞ்சள் பூக்கொடியைப் போல ஒரு மழைக்காலத்தில் முற்றத்தை நிரப்பாது. நீரும் களையெடுப்பும் கேட்கும். ஆயினும் மாதாவின் காலடியில் பூவும், தேவைக்கு மருந்தும் கிடைக்கும்.

கரிசலாங்கண்ணித் தண்டை எங்கே பெற்றாலும் இலையைப் பார்த்தே வாங்க வேண்டும். நாற்றுமேடையில் பெயர்ப்பலகை என்ன சொன்னாலும், பளபளக்கும் மூன்று மடல் இலை ஒன்று அதில் இருந்தால் அங்கேயே வைத்துவிட்டு வரவும்.